ஓடுகிற வண்டியில்தான் ஏறுவாள்

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியது நாங்கள்தான். யாரும் பொறாமைப்படவில்லை. அதை நாங்கள் தள்ளிக்கொண்டு போவதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

2006-ல் வாங்கிய வெள்ளை மாருதி. பழைய வண்டிதான், ஆனால் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் அப்பாவும் நானும் அதைத் தெருமுனை தாண்டித் தள்ளிக்கொண்டு போவோம். அங்கே ஸ்டார்ட் செய்து, அணைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவோம். அதற்குப் பிறகுதான் அம்மா ஏறுவாள்.

எனக்கு சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் இரவு ஷிப்டு. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதற்குக் கிடைத்த வேலை. காலையில் வந்து கண்ணை மூடியதும் அப்பா கட்டிலை உதைப்பார்.

"ஏலே செழியா, எந்திரிலே. வண்டி தள்ளணும்."

தெருமுனையில் டீக்கடை. அங்கே ஜீப் வைத்திருக்கும் முத்துராமலிங்கம் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் கார் பற்றிப் பேச அவருக்கு மட்டும்தான் உரிமை என்று நினைப்பு.

"ஆண்டிச்சாமிண்ணே, காருக்கு டிரைவரு தேடுறீகளா, காளை தேடுறீகளா?"

"ரெண்டும் வீட்டுலயே இருக்கு" என்று அப்பா என்னைக் காட்டுவார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல. அம்பாசடரு எடுங்க, டீசலு எடுங்கன்னு. தகரம் எம்புட்டு கனமா இருக்கும்! இது என்ன, பிஸ்கட் டப்பா."

"நல்லா மைலேஜ் தருதுப்பா."

"தள்ளுனா ஏன் தராது?"

கடையே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொன்னதே இல்லை.

உண்மை இதுதான். அம்மா வெடி கம்பெனியில் திரி வைக்கும் வேலையில் இருந்தாள். தீப்பொறி பறந்துவிடக் கூடாது என்று, லோடு வண்டி கேட்டுக்கு வந்தால் என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், வெளியே வந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு நாள் ஒரு டிரைவர் சோம்பல்பட்டு உள்ளேயே சாவியைத் திருப்பினான். அதனால்தான் வெடித்ததா, அதே நேரத்தில் வெடிமருந்து எங்கேயாவது உரசியதா, யாருக்கும் தெரியாது. அம்மா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். முதலில் ஸ்டார்டர் சத்தம் கேட்டது. அடுத்தது அந்தச் சத்தம். அம்மாவோடு ஒரே அறையில் இருந்த வீரலட்சுமி சித்தி திரும்பி வரவில்லை.

அம்மாவுக்கு வெடிச் சத்தம் பயமில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பயந்தால் குடியிருக்க முடியாது. ஸ்டார்டர் சத்தம்தான் ஆகாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஏற மாட்டாள். பஸ் புறப்பட்டு வாசலுக்கு வரும்வரை காத்திருந்து, கையைக் காட்டி ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, சீட்டும் கிடைக்காமல் நின்றுகொண்டு போவாள். அப்பா இன்னொரு கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறவர். வாழ்நாளில் பாதியைச் சாவி திருப்பியே கழித்தவர். வீட்டுப் பக்கம் மட்டும் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்ததே இல்லை.

அக்கா ரோஜாவைச் சூலக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. பிள்ளை பிறக்கும்போது அம்மா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கக் கூடாது என்றுதான் அப்பா கார் வாங்கினார்.

ஆவணியில் பிறந்தது, பெண் குழந்தை. போன் வந்ததும் காரைத் தள்ளி, ஸ்டார்ட் செய்து, அம்மாவை ஏற்றினோம். நான் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"பஸ்ஸுல எவனாவது வந்து மேல சாய்வான். இதுல அது இல்ல" என்றாள். கார் பற்றி அவள் சொன்ன ஒரே அபிப்பிராயம்.

"ஏசி இல்லையேம்மா."

"போலே. காத்துக்குக் காசா?"

அப்பா நன்றாக ஓட்டினார். லோடு இல்லாமல் ஓட்டுவது அவருக்குப் புதிது. முதுகுக்குப் பின்னால் மருந்து இல்லை என்று தெரிந்ததும் தோள் இறங்கியிருந்தது. ஒரு தடவை தேவையே இல்லாமல் ஒரு டிராக்டரை முந்தினார். அம்மா சிரித்தாள்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எல்லா வண்டிகளும் என்ஜினை அணைத்தன. நாங்கள் மட்டும் ஓடவிட்டு நின்றோம். ரயில் போனது. கேட் மேலே ஏறியது. கேட்கீப்பர் வாங்க என்று கையைக் காட்டினார்.

அப்பா என்ஜினை அணைத்துவிட்டார்.

கம்பெனியில் கேட் திறந்து ஒரு ஆள் கை காட்டினால் என்ஜினை அணைப்பது அவர் கைக்குப் பழகியிருந்தது. அணைத்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சம்முகம், நீ எறங்கி அந்தப் பக்கம் தூரமாப் போயிரு. நான் ஸ்டார்ட் பண்ணி, தண்டவாளம் தாண்டி..." அம்மாவிடம் சொல்ல வந்ததை அப்பாவால் முடிக்க முடியவில்லை.

"தள்ளிருவோம்ப்பா" என்றேன். தண்டவாளத்துக்கு ஏறுகிற மேடு. ரெண்டு பேரால் ஆகாது என்று எனக்கே தெரியும்.

லாரிக்காரன் தலையை நீட்டிக் கெட்ட வார்த்தை சொன்னான்.

"நீங்க எறங்குங்க" என்றாள் அம்மா, அப்பாவிடம்.

"என்னத்துக்கு?"

"எறங்குங்கன்னா. அந்தச் சத்தம் எப்ப வரும்னு தெரியாமத்தான் எனக்கு இம்புட்டு நாளும் கெதக்குனு இருக்கு. நானே திருப்பினா தெரியும்ல."

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு அப்பா இறங்கினார். அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அப்பா கையால் காட்டினார்.

"செழியா, நீயும் எறங்குலே. ரெண்டு பேரும் அந்தப் புளியமரத்துக்கிட்ட போயி நில்லுங்க."

"ஏம்மா, இதுல மருந்தா இருக்கு?"

"போயி நில்லுலே."

போய் நின்றோம். நாங்கள் போதுமான தூரம் போய்விட்டோமா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னும் போ என்று கையை ஆட்டினாள். இன்னும் போனோம். அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணை மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

ஒரே திருப்பு.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். லாரி காரைச் சுற்றிக்கொண்டு போனது. அப்புறம் அம்மா எங்களைப் பார்த்து, "வாங்க, பிள்ளையப் பாக்க வேண்டாமா?" என்று சத்தம் போட்டாள். அழுதிருந்தாள்.

இப்போது வீட்டு வாசலிலேயே அவள்தான் ஸ்டார்ட் செய்கிறாள். அதற்கு முன்னால் தெருவில் நிற்கிற எல்லாரையும் விரட்டிவிடுவாள். முத்துராமலிங்கத்தையும்.

"என்னண்ணே, வண்டிய மெக்கானிக்கு பாத்துட்டானா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா" என்றார் அப்பா.

என் தூக்கம் இன்னும் கெடுகிறது. தள்ள யாரும் எழுப்புவதில்லை, ஸ்டார்டர் சத்தத்தில் நானாக விழித்துக்கொள்கிறேன். அப்புறம் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறேன்.