ஸ்பீக்கரில் கேட்ட பாஸ்வேர்டு

அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். தங்கை ஒரு வாரம் விடுப்பு போட்டு, ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்து கூட இருந்தாள். காலை பத்து மணிக்கு, அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கண் மருத்துவமனையின் மேனேஜர் போன் செய்தார்.

"கரண்ட் போய் வந்துச்சும்மா. சர்வர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. கறுப்பா ஒரு திரை, பாஸ்வேர்டு கேக்குது."

நாற்பதாயிரம் நோயாளிகளின் விவரம் அந்த சர்வரின் டிஸ்கில் பூட்டிக் கிடந்தது. சர்வர் கிளம்பும்போதே பாஸ்வேர்டு கொடுத்தால்தான் பூட்டு திறக்கும். பூட்டியவளே அவள்தான்.

"இங்கிருந்தே திறந்துடறேன் சார். அஞ்சு நிமிஷம்."

"அதெல்லாம் வேணாம். பாஸ்வேர்டைச் சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எழுதிக்கறாங்க."

குழந்தை அழுவதும், டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதும், யாரோ இருமுவதும் கேட்டன. வரவேற்பறை!

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன், அது என்ன உன் வீட்டுச் சொத்தா?"

சுருக்கென்றது. "என் சொத்து இல்ல சார். உங்களைச் சுத்தி உக்காந்திருக்காங்களே, அவங்க சொத்து." போனை வைத்துவிட்டாள்.

கட்டில் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். டிஸ்க் திறக்கும் முன்பே சர்வரில் ஒரு சின்ன நிரல் விழித்துக்கொண்டு, அவளுடைய லேப்டாப்புக்கு மட்டும் வழிவிடும். இதற்காக மூன்று முறை எழுதிக் கேட்டு, செவிடன் காதில் சங்கு ஊதி, கடைசியில்தான் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இணைப்பு கிடைக்கவில்லை. மருத்துவமனை வரவேற்பறைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள்.

"சர்வருக்குப் பின்னாடி நீல கலர் நெட் வயர் ஏதாவது தொங்குதா?"

"தொங்குது. சார்தான் எல்லாத்தையும் புடுங்கிப் புடுங்கிச் சொருகினாரு. அதை மட்டும் மறந்துட்டாரு போல."

அந்தப் பெண் வயரைச் சொருகியதும் இணைப்பு கிடைத்தது. பாஸ்வேர்டை அடித்தாள். ஒரு நிமிடத்தில் சர்வர் எழுந்துகொண்டது. டோக்கன் வரிசையும் நகர்ந்தது.

மதியம் மேனேஜரிடமிருந்து மின்னஞ்சல்: 'அனுமதியின்றி சர்வரில் கள்ளவழி வைத்தது ஏன்? விளக்கம் தரவும்.'

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து, பெரிய டாக்டருக்கும் ஒரு நகல் போட்டு எழுதினாள்: 'அனுமதி தந்தது நீங்கள். இனிமேல் தயவுசெய்து நோயாளிகள் நடுவில் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காதீர்கள்.'

"கோவத்துல எழுதியிருக்கே," என்றாள் அக்கா, படுத்தபடியே திரையைப் பார்த்து. "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாரு."

படித்தாள். 'தயவுசெய்து' என்பதை எடுத்துவிட்டு அனுப்பினாள்.