நின்றபடி இயங்கிய எஞ்சின்

உலகப்பன் காரின் எஞ்சினில் ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். கைபேசி வெளிச்சத்தை அதன்மேல் அடித்தார். மூடியின் உட்புறத்தில் தயிராடை போல ஒரு வெள்ளைப் பசை திரண்டிருந்தது.

"பாத்தீங்களாம்மா, ஒயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் காஸ்கெட் போயிருக்கு."

கொட்டாஞ்சேனையில் பலசரக்கு மொத்த வியாபாரம் அவருக்கு. மகள் விசாலி வேலைக்குப் போய்வர ஒரு சின்னக் கார் தேடிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை என்று சற்று முன்தான் காரைச் சுற்றி வந்து மெச்சியிருந்தார். இப்போது மூடியை மறுபடி போட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"கலியாணத்துக்குப் பாக்கிறப்போ பொண்ணு நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன வியாதின்னு யாருக்குத் தெரியும்? தப்பா நெனைக்காதீங்க."

"இல்லை, அப்பிடியொண்டும் இல்லை" என்றாள் காரை விற்க நின்ற யதுஷா. கவலை வர வேண்டிய இடத்தில் கவலையை முகத்துக்கு வரவழைத்தாள்.

அவர் போன பிறகு வெள்ளவத்தை அடுக்குமாடியின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். காரைப் பார்க்க வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மூவரும் அதே மூடியைத் திறந்து, அதே பசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அடுத்த கணம் அதற்காகவே வெட்கத்தில் காது சுட்டது.

அந்தத் தரிப்பிடத்தில் பாதிக் கார்களுக்கு உரியவர்கள் ஊரில் இல்லை. கனடா, லண்டன், மெல்பேர்ன் என்று போய்விட்டார்கள். கார்கள் சாம்பல் நிற உறை போர்த்துக்கொண்டு கிடக்கின்றன. பற்றரி இறங்காமல் இருக்க, மிஞ்சி இருக்கும் மனைவியோ மாமியோ காவலாளியோ காலையில் வந்து திறப்பைத் திருகிக் கொஞ்ச நேரம் எஞ்சினை உறும விட்டு நிறுத்துவார்கள். ஒரு காரும் வெளியே போகாது. காலை ஆறரைக்கு அங்கே இறங்கினால் பத்துப் பன்னிரண்டு எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே இருமிக்கொண்டிருக்கும்.

கனடா போன நாளிலிருந்து அவள் கணவன் பிரியந்தனும் தினமும் அழைத்துக் கேட்பான்.

"ஸ்டார்ட் பண்ணினனீரோ?"

"ஓம்."

"பத்து நிமிசம் விட்டனீரோ?"

"ஓம் அப்பா."

"எஞ்சின் உயிரோட இருக்க வேணும், விளங்கிச்சுதோ?"

சிறிய பெற்றோல் எஞ்சின். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். நாலு இருந்தால் ஒன்றின் உதைப்பை மற்றொன்று சமன் செய்துவிடும். மூன்றில் அது கூடிவராது. அதனால் நிற்கும்போது நடுங்கும். ஸ்டியரிங்கில் கை வைத்தால் முழங்கைவரை அந்த நடுக்கம் ஏறும். ஓட்டம் பிடித்துவிட்டால் அடங்கிவிடும். முதலில் வாங்க வந்தவர் ஹெட் காஸ்கெட் என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் போன அன்று, இணையத்தில் இந்த எஞ்சினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அவள் வாசித்தாள். எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடுதான் அந்தக் காஸ்கெட். அது கிழிந்தால் குளிர்விக்கும் நீர் ஒயிலுக்குள் இறங்கி, ஒயில் வெள்ளையாகும். ஆனால் அப்படி நடந்தால் வேறு அறிகுறிகளும் இருக்கும். நீர் குறையும். புகை வெள்ளையாக வரும். ரேடியேற்றரில் குமிழி எழும்.

யதுஷா ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பவள். ஒரு அறிகுறியை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க அவளுக்குக் கை வராது. ஒரு வாரம் தினமும் பார்த்தாள். நீரின் மட்டம் அசையவில்லை. புகை இல்லை. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துக் கடதாசியில் துடைத்தால் தேன் நிறம். பசை இருந்தது மூடியில் மட்டும்.

காரணம் எளிது. பத்து நிமிடத்தில் எஞ்சினின் மேல்தோல்தான் சூடாகிறது, ஒயில் சூடாவதில்லை. எரியும் பெற்றோலோடு வரும் ஈரம் ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காமல், குளிர்ந்த மூடியில் போய்ப் படிகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அரை மணி, முக்கால் மணி வீதியில் ஓடினால் எல்லாம் உலர்ந்துபோகும். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. உயிரோடு வைத்திருக்கச் சொன்ன அந்தப் பத்து நிமிடம்தான் பிழை.

இதைப் பிரியந்தனிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையும் இறங்கிப்போய் ஸ்டார்ட் பண்ணினாள். பத்து நிமிடம் விட்டாள். நிறுத்தினாள்.

அவளுக்குக் கனடா விசா வந்துவிட்டது. கார் விற்றதும் விமான ரிக்கற் போடுவதாகப் பேச்சு. வீட்டுத் தளபாடம் எல்லாம் போய்விட்டது. கார் மட்டும்தான் மிச்சம். அது விற்காதவரை அவள் போக வேண்டியதில்லை. இப்படித் தனக்குள் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மூடியைத் துடைக்கத் துணி எடுத்த கை ஒவ்வொரு தடவையும் துணியைத் திரும்ப வைத்தது.

பிரியந்தன் கெட்டவன் என்றால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததுண்டு. அவன் குடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான், சொன்ன நேரத்துக்கு அழைப்பான். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், காஸ் சிலிண்டரை எந்தப் பக்கம் திருக வேண்டும், எந்த மருந்தை எப்போது போட வேண்டும் என்று சொல்லுவான். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவன் போன பிறகுதான், பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்து கடலோரக் கல்லில் போய்க் குந்தியிருக்கத் தனக்குப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியவந்தது. அந்த நேரத்தில் அவள் யாருக்கும் எதையும் செய்து முடித்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. கணவனை விட்டுத் தனியாக இருக்க இது ஒரு காரணமா? யாரும் கேட்டால் சிரிப்பார்கள். அவளே ஒரு நாள் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை, இருப்புக் கொள்ளாமல் வீட்டுக்குள் நடந்தாள்.

உலகப்பன் வந்துபோன செய்தியைக் கேட்டதும் பிரியந்தன் முடிவெடுத்துவிட்டான்.

"இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது. தம்பி றமேஷிட்டச் சொல்லிப்போட்டன். நாளைக்குக் காரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோவான். பேதுருவின்ர கராஜில தலையைக் கழட்டிப் புதுக் காஸ்கெட் போடட்டும். பிறகு வித்துப்போடலாம்."

"தலையைக் கழட்ட வேணுமோ?"

"வேற என்ன செய்யிறது? நீர் யோசியாதையும், அவங்கள் பாப்பாங்கள்."

காலையில் பிரியந்தனின் தம்பி றமேஷ் தெஹிவளையிலிருந்து வந்து திறப்பை வாங்கிக்கொண்டு போனான். அவள் வேலைக்குப் போனாள். முதல் மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்காட்டியின் கீழ் வைத்தாள். அணுக்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். மறுபடி தொடங்கினாள். அலுமினியத் தலை. பன்னிரண்டு வருடமாக ஒருவரும் தொடாத திருகாணிகள். கழற்றினால் மரை தேயலாம். திருப்பி இறுக்கும்போது ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் தலை வளையும். பிறகு உண்மையாகவே நீர் இறங்கும். ஒரு குறையும் இல்லாத ஒன்றின் மண்டையைத் திறக்கப் போகிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக.

றமேஷை அழைத்தாள்; அவன் எடுக்கவில்லை. பொறுப்பானவரிடம் அரைநாள் லீவு கேட்டுவிட்டு ஒட்டோவில் ஏறினாள். கோட்டைப் பகுதியைத் தாண்டும்வரை றமேஷின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

கராஜில் கார் பொனற் திறந்தபடி நின்றது. ரேடியேற்றர் நீர் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் வடிக்கப்பட்டிருந்தது. பேதுரு ஆணி கழற்றும் சொக்கற்றுகளை அளவுப்படி ஒரு துணியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ், கழட்ட வேண்டாம்."

றமேஷ் ஸ்டூலில் இருந்து எழுந்தான். "என்ன அண்ணி, ரத்தம் பாக்கிற ஆள் இப்ப ஒயிலும் பாக்க வெளிக்கிட்டிட்டியளோ?"

"ஒயிலும் பாத்தனான். கம்பியை இழுத்துப் பாரும். அந்தத் தண்ணியையும் பாரும்."

பேசினில் நீர் தெளிந்த பச்சையாக இருந்தது. எண்ணெய்ப் படலம் ஒரு பொட்டும் இல்லை. பேதுரு அதற்குள் ஒரு விரலை விட்டு, எடுத்து, முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப ஏன் பாஸ் கழட்டுறீங்கள்?" றமேஷ் கேட்டான்.

"தம்பி, நீங்க தலையக் கழட்டச் சொன்னீங்க, கழட்டுறன். என்ன நோய்னு பாக்கச் சொல்லியிருந்தாப் பாத்திருப்பன். சலூனுக்கு வந்து முடி வெட்டச் சொன்னா, எதுக்குன்னு அவன் கேப்பானா?"

நீரைத் திரும்ப ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஓடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. றமேஷ் ஓட்டினான், அவள் பக்கத்தில் இருந்தாள். மட்டக்குளி தாண்டிப் பாலத்தைக் கடந்து ஹெந்தளைப் பக்கம் போனார்கள். சந்திகளில் நிற்கும்போது கதவுப்பிடிவரை நடுங்கியது. வேகம் எடுத்ததும் அடங்கியது. வெப்பம் காட்டும் ஊசி நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. கடற்கரை வீதியில் போய்த் திரும்பி, இன்னொரு தடவையும் போனார்கள்.

ஓரிடத்தில் நிறுத்தி றமேஷ் பொனற்றைத் திறந்தான். சூடு ஆறும்வரை இருவரும் மதில் நிழலில் நின்றார்கள். பிறகு துணியால் பிடித்து மூடியைக் கழற்றினான். பசை ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது; மற்ற இடமெல்லாம் தேன் நிற ஒயில்.

"கெட்டிக்காரி அண்ணி நீங்கள்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"முதல் ஆள் வந்துபோன கிழமையே."

"அது போன வருசக் கடைசியெல்லோ?"

"ஓம்."

றமேஷ் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் அவன் முகத்தில் தமையனுக்காகக் கோபம் தெரிந்தது. பிறகு யார் பக்கம் நிற்பது என்று தெரியாத தயக்கம் வந்தது.

"அண்ணாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான் மெல்ல. "பேதுரு பாத்து, பிழையில்லை எண்டு சொன்னதாச் சொல்லுவம். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. காரியம் முடிஞ்சுது."

நல்ல மனதோடுதான் சொன்னான். அப்படிச் சொன்னால் உலகப்பன் நாளைக்கே காரை எடுப்பார். அடுத்த வாரம் ரிக்கற். விமான நிலையத்தில் அவள் நிற்பாள், சூட்கேசைத் தள்ளிக்கொண்டு, ஒரு காரணமும் மிச்சமில்லாமல். தான் இவ்வளவு நாளும் மறைத்தது காரைப் பற்றியது அல்ல, போக மனமில்லாததை என்பது அப்போது மிகச் சாதாரணமாக அவளுக்குப் புரிந்தது.

கைபேசி அடித்தது. தலை கழற்றியாயிற்றா என்று கேட்கப் பிரியந்தன் அங்கே இரவில் விழித்திருந்திருக்க வேண்டும்.

"என்னவாம்? ஹெட் வளைஞ்சிருக்கோ?"

"கழட்டேல்லை. நான் மறிச்சுப்போட்டன். எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. ஓடிப் பாத்தனாங்கள்."

"அப்ப அந்த வெள்ளை?"

"ஓடாமல் நிண்டதால வந்தது. எனக்கு முந்தியே தெரியும். சொல்லேல்லை."

றமேஷ் கடலைப் பார்த்தபடி தூரப் போனான்.

"ஏன் சொல்லேல்லை?"

"கார் வித்தால் நான் வரவேணும்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை, குரல் மட்டும் சின்னதாகியிருந்தது.

"இஞ்ச குளிர் எண்டோ? முதல் வருசம் அப்பிடித்தான் இருக்கும், பிறகு பழகிப்போம். நான் உமக்கு நல்ல ஜக்கற் ஒண்டு..."

"குளிர் இல்லையப்பா."

"நான் ஏதும் பிழையாச் செய்தனானோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

சொல்லக்கூடிய சொல் ஒன்றைத் தேடினாள். கல்லில் குந்தியிருப்பதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அது இந்தக் கேள்விக்குப் போதாது என்று விட்டாள். வெயில் தலையில் இறங்கியது. வீதியோரமாக நடக்கத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியேல்லை. தெரியாமல் வரமாட்டன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு மூடிக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருந்தன். அது சரியில்லை. இப்ப சொல்லுறன்."

"எவ்வளவு நாளைக்கு, யது?"

"அதுவும் தெரியேல்லை."

அவன் கேட்டான், "அப்ப காரை விக்காமல் நிப்பாட்டி வைக்கவோ?"

"வேண்டாம். உலகப்பனுக்குக் குடுங்கோ. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஓடுவாள். அதில ஒரு பிழையும் இல்லையெண்டு நானே அவரிட்டச் சொல்லுறன்."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. கைபேசியைக் காதில் வைத்தபடியே அவள் ஹெந்தளைக் கடற்கரை வரை நடந்தாள்.