ரோடாவின் வீட்டுக்காரர், முப்பத்தொரு பவுண்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கடல் மட்டம் பற்றிய கவலையில் பிறந்ததல்ல. பெரியவர்களுக்கான டயப்பர் மூன்று பெட்டி விமானத்தில் வந்து இறங்கியது. அதிலிருந்து பிறந்தது.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் நுவுராக் தீவின் விமான ஏஜெண்ட் ரோடா. ஐம்பத்து மூன்று வயது. நாலு சக்கர ஹோண்டா பைக்கில் ஓடுதளத்துக்குப் போய், ஏறுகிறவர்களைத் தராசில் நிறுத்தி, எடையைத் தாளில் எழுதுவாள். (ஒன்பது பேர் உட்காரும் விமானம். எடை தெரியாமல் பைலட் கிளப்பமாட்டான். எடை சொல்ல வெட்கப்படுகிறவர்கள் கடல்மேல் நடந்து போகலாம்.) பெட்டிகளில் ரோடாவின் பெயரே இருந்தது. உள்ளே ஒரு சீட்டு: "உங்கள் கணவருக்கு, அன்புடன்."

"அடேயப்பா, என் வீட்டுக்காரருக்கு இது கழுத்து வரைக்கும் வருமே, வாத்தியாரே!" என்றாள்.

வாத்தியார் நான்தான். ஒரு வருடத்துக்கென்று வந்தேன், பதினெட்டு ஆகிறது.

2.

அடித்துவிட்ட தொடக்கங்கள்:

"கடல் அந்தக் கிராமத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்—"

இதை ரோடாவிடம் வாசித்துக் காட்டினேன். காபியில் கெட்டி பிஸ்கட்டை முக்கிக்கொண்டே கேட்டாள். "யாரு யாரை விழுங்குறது? காலையில சீல் கறி, மத்தியானம் மீனு. கடலைத் தின்னே வளர்ந்தவங்க நாங்க. அடுத்ததைப் படி."

"வரலாறு என்பது உறைந்துபோன—"

வேண்டாம். வரலாறு இவ்வளவுதான். முன்னோர்கள் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்கு இந்த மணல் திட்டுக்கு வருவார்கள், வேட்டை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கப்பலிலிருந்து பலகை இறக்க வசதி என்று அதிகாரிகள் பள்ளிக்கூடத்தை இங்கே கட்டினார்கள். பிள்ளைகளை அனுப்பாவிட்டால் பிடித்துக்கொண்டு போவோம் என்றார்கள். ஊர் உண்டாயிற்று. இப்போது அந்த அதிகாரிகளின் வாரிசுகள் வந்து, "போயும் போயும் இங்கேயா குடியிருப்பீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். எதிர்க்கரைக்கு மாறுவதென்று மூன்று தடவை ஓட்டுப் போட்டாயிற்று. மூன்று தடவையும் ஆய்வுக்குழு வந்தது. தீவு இளைக்கிறது, அறிக்கை கொழுக்கிறது.

(அடிக்குறிப்பு மாதிரி: இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து ஒரே ஒரு கேள்வி அனுப்பினார். "பனிக்கரடி உண்டா?" இல்லை ஐயா. டயப்பர் உண்டு.)

3.

டயப்பர் வந்த கதைக்கு வருகிறேன்.

ரோடாவின் கணவர் வெண்டெல். ஊர்ப் பெயர் துலுகாக். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் காலையில் பனி ஸ்கூட்டரில் உறைந்த கடல்மேல் வேட்டைக்குப் போனார். அந்த மாதத்தில் கல்லாக இருக்க வேண்டிய பனி அன்று கல்லாக இல்லை. கிளம்பும்போது இருவருக்கும் சண்டை. மரவீட்டை அப்படியே கடலோரத்திலிருந்து தள்ளி இழுத்து வைக்கச் சொன்னாள் இவள். வசந்தத்தில் இழுக்கிறேன் என்றார் அவர். கோபத்தில் இவள் வாசல் வரை வரவில்லை. திரும்பி அவரும் வரவில்லை.

மறு வருடம் ரோடாவின் அக்கா மகள் டெலீனாவுக்கு ஆண் குழந்தை. துலுகாக் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று. இதில் இங்கே விவாதம் கிடையாது. டெலீனா தான் பெற்ற பிள்ளையை "சித்தப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். ரோடாவுக்கு அவன் "அவரு".

ஊரே கேட்கும் வயர்லெஸ்ஸில் தினமும் நடப்பது:

"சின்னம்மா, உங்க வீட்டுக்காரரு சாப்பிட மாட்டேங்குறாரு. நீங்களே வந்து கேளுங்க."

"அப்பவும் அப்படித்தான். சீல் எண்ணெயில தொட்டுக் குடு, வாயைத் தொறப்பாரு."

நடுவில் யாராவது புகுந்துவிடுவார்கள்: "ரோடா, போன தடவைய விட இந்தத் தடவை உன் பேச்சைக் கேக்குறாரு போல!"

"இப்ப என்னால தூக்க முடியுதுல்ல!"

போன கோடையில் ஒரு பெண் நிருபர் கேமராவோடு வந்தாள். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். ரோடா உள்ளதைச் சொன்னாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுக்காரருதான் படுக்கையிலேயே போயிடுறாரு, கரண்டியை வீசுறாரு. கடல் இரைஞ்சா அழறாரு." நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள், கடலரிப்பு ஒரு மனிதனின் மனத்தையும் அரித்த கதையாக. உலகம் உருகியது. பெட்டிகள் வந்தன. கடல் பக்கத்து ஜன்னல் இடுக்குகளில் ரோடா அவற்றை அடைத்தாள். மூன்று ஆய்வுக்குழுவும் செய்யாததை அந்த டயப்பர்கள் செய்தன. காற்று வரவில்லை.

4.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ரோடா நிஜமாகவே நம்புகிறாளா, அல்லது நான் கதைக்காக நம்பவைக்கிறேனா? நேரிலேயே கேட்டேன்.

"இல்லாத ஆளையெல்லாம் இருக்கான்னு கதையில எழுதுற. ஜனங்க நம்பணும்ங்கற. என்னைக் கேள்வி கேக்க வந்துட்டியா?"

அவள் வீட்டுக்கும் கரையின் விளிம்புக்கும் போன வருடம் பத்தொன்பது தப்படி. இப்போது பதினொன்று. ஊரார் சறுக்குக்கட்டை கட்டி இழுத்துத் தருகிறோம் என்று எத்தனையோ தடவை சொன்னார்கள். விடமாட்டேன் என்கிறாள்.

"இழுக்குறேன்னு சொன்னவரு அவரு. அவரே இழுக்கட்டும். இன்னும் பதினஞ்சு வருஷத்துல பெரிய ஆளாயிடுவாரு."

பதினைந்து வருடம், பதினொரு தப்படி. நான் கணக்கு வாத்தியார்.

5.

செப்டம்பர் புயலில் டெலீனா வீட்டுப் படிக்கட்டும் பாதித் தரையும் போயின. ஆங்கரேஜில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வியாழக்கிழமை விமானம்.

ஆக, வீட்டுக்காரருக்காக ரோடா வீட்டை நகர்த்த மறுக்கிறாள். வீட்டுக்காரரோ விமானம் ஏறுகிறார். இந்தச் சிக்கலை நான் உண்டாக்கவில்லை. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

வியாழன் காலை ஓடுதளத்தில் நானும் இருந்தேன். குளிரில் ரோடாவின் விரல் மடங்கவில்லை, தாளையும் பேனாவையும் என்னிடம் கொடுத்திருந்தாள். பெட்டிகளை நிறுத்தாள். டெலீனாவை நிறுத்தாள். பைலட் கத்தினான்: "ஒரு சீட்டு காலி! யாராச்சும் வராங்களா?"



"சித்தப்பா, தராசுல ஏறுங்க," என்றாள் டெலீனா.

சித்தப்பா ஏறவில்லை. ரோடாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறினார். இப்படி அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. பெரியவர் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார், பிறகு அவர் எடையைக் கழிப்பார்கள். ரோடா தூக்கிக்கொண்டு ஏறினாள். முள் நூற்று எண்பத்து மூன்றில் நின்றது. ரோடா நூற்று ஐம்பத்து இரண்டு. அவர் முப்பத்தொன்று.

"போன தடவை சண்டை போட்டுக்கிட்டுப் போனீங்க," என்றாள் அவர் காதில். "நானும் வாசலுக்கு வரல. தப்புத்தான். இந்தத் தடவை வந்திருக்கேன், பாத்துக்கோங்க."

அவர் அழுகையை நிறுத்தி, மூக்கை அவள் கழுத்தில் துடைத்துவிட்டு, "வா" என்றார்.

ரோடா என்னைப் பார்த்தாள். "எழுது, வாத்தியாரே."

6.

முடிவு அ: அவள் அக்டோபரில் அந்த வீட்டில் தனியாக— (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். வீடு விழும். படம் போடலாம்.)

முடிவு ஆ: ஆங்கரேஜில் பன்னிரண்டாவது மாடியில் அவள் வீட்டுக்காரருக்குச் சீல் எண்ணெய்— (வாசகர்களுக்குப் பிடிக்கும். மறுபடியும் பெட்டி அனுப்புவார்கள்.)

என்னை நம்பாதீர்கள். அவள் இங்கே இருந்தால் எனக்குக் கதை கிடைக்கும். போனால் காபிக்கு எதிரில் உட்கார ஆளில்லை. இரண்டிலும் எனக்குச் சுயநலம்.

தாளில் ஒரே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. முப்பத்தொன்று என்று எழுதினால் அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இறங்குவாள். நூற்று எண்பத்து மூன்று என்று எழுதினால் இரண்டு பேரும் ஏறுவார்கள். எதை எழுத என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் தராசின் மேல்தான் நிற்கிறாள், அவரை இறக்கிவிடாமல். கை வலிக்கிறது அவளுக்கு.