வாடகைக் கைதட்டல்

"ஹாலை நிரப்பறது என் பொறுப்பு. நீ டென்ஷன் ஆகாதே மச்சான்" என்று ஈவென்ட் ஏற்பாட்டாளர் சொன்னபோதே ஓட்டல் மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? மேடையில் பேசப்போவது அவனுடைய அக்கா. சின்ன வயதில் அவள் திக்கித் திக்கிப் பேசியதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. பின்னால் அதற்கான சிகிச்சையையே படித்து, திக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி மையம் தொடங்குகிறாள். அதை அறிவிக்கத்தான் இந்தக் கூட்டம். அவள் மேடையேறுவது இதுதான் முதல் தடவை. இடம், தம்பி வேலை பார்க்கும் ஓட்டலின் விழா ஹால்.

திக்கும் பிள்ளைகளோடு வந்திருந்தது மூன்றே குடும்பங்கள். மற்றதெல்லாம் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். அதைப் பார்த்தால் அக்காவுக்கு வாய் கட்டிப்போகும் என்று அவன் பயந்தான்.

இந்தத் தொழிலில் யாரும் தனியாகப் பிழைப்பதில்லை. டூர்காரர் பயணிகளைக் கொண்டுவந்து ஓட்டலில் இறக்குவார். ஓட்டல் தன் ஹாலை ஈவென்ட்காரரிடம் வாடகைக்கு விடும். ஈவென்ட்காரருக்குக் கூட்டம் குறைந்தால், டூர் கைடு தன் பயணிகளையே கொண்டுவந்து உட்காரவைப்பார். பயணிகளுக்கு ஏசியும் சாப்பாடும் ஓசி. மேடையில் இருப்பவருக்கு மட்டும் விஷயம் தெரியாது. இதுவரை எத்தனையோ பேருக்கு இப்படிச் செய்தாயிற்று. அக்காவுக்கும் செய்தால் என்ன?

பஸ் வந்தது. நாற்காலிகள் நிரம்பின. மேடையேறிய அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

கைதட்ட வேண்டிய இடத்தில் கைடு, பயணிகளுக்கு வழிகாட்டத் தூக்கிப் பிடிக்கும் தன் ஆரஞ்சுக் கொடியைத் தூக்குவார் என்று ஏற்பாடு. பஸ்ஸிலேயே மைக்கில் சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்ததை அவர் யோசிக்கவில்லை.

அக்கா நன்றாகத்தான் பேசினாள். வகுப்பில் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நின்ற கதையைச் சொல்லி நிறுத்தினாள். கைடு கொடியைத் தூக்கினார்.

பயணிகளோ ஊர் ஊராக அந்தக் கொடிக்குப் பின்னால் ஓடிப் பழகியவர்கள். கொடி உயர்ந்தால் கிளம்ப வேண்டும், தவறினால் பஸ் போய்விடும். தூங்கியவர்கள் சட்டென்று எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கைடு கையை ஆட்டி உட்காரச் சொல்லச் சொல்ல, கையில் இருந்த கொடியும் சேர்ந்து ஆடியது. அவசரம் போலிருக்கிறது என்று கூட்டம் இன்னும் வேகமாகக் கதவை நோக்கி நடந்தது.

அக்காவின் அடுத்த வார்த்தை முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டது.

கடைசியாகப் போன அம்மாள் கதவருகே நின்றிருந்த அவனிடம் கேட்டாள். "ஏன் தம்பி, கை தட்டினாத்தான் சாப்பாடுன்னு சொன்னாங்களாமே. நான் தட்டவே இல்லையே, எனக்கு உண்டா?"

ஓசையற்ற ஹாலில் அது மேடைவரை கேட்டது. அக்கா இறங்கி நேராக அவனிடம் வந்தாள்.

"நீயா?"

"உனக்காகத்தான் அக்கா. ஆள் இல்லன்னா உனக்குப் பேச்சு வராதேன்னு..."

"வ...வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "போ. அவங்க ப...பசியோட இருக்காங்க. சோத்தையாவது ஒழுங்கா போடு."

திரும்பிப் போய், மூன்று குடும்பங்களுக்கும் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைக் இல்லாமல் பேச ஆரம்பித்தாள். திக்கியது. நிற்காமல் பேசினாள். அப்பாவின் மடியில் இருந்த ஒரு சிறுமி, அவள் வாயையே பார்த்தபடி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். காது மடல் எரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஈவென்ட்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவன் காதில் வாங்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாற நின்றான்.

வரிசையில் அதே அம்மாள் வந்து தட்டை நீட்டினாள்.

"நல்லாத்தான் பேசிட்டிருந்துச்சு அந்தப் பொண்ணு. பாதியில எந்திரிச்சு வந்துட்டோமேன்னு சங்கடமா இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா தம்பி?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சோற்றை வைத்தான்.

"ஹாலை வாடகைக்கு எடுத்தவங்க, அவ்வளவுதாம்மா" என்றான்.