மீனுக்குப் பின்னால்

1

ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் சிரிக்கிற மாதிரி ஒரு கதை கேட்டார். கைவசம் சரக்கு எதுவும் இல்லை. சரக்கு இல்லாதபோது சொந்தக்காரர்கள் மேல் கை வைப்பது என் வழக்கம். இந்த முறை மாட்டிக்கொண்டவர் என் அக்காவின் கணவர். இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான். இதைவிட உயர்ந்த காரணம் இருப்பதாக நான் பாவலா காட்டப் போவதில்லை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். காலையில் வேலைக்குப் போகும் முன், நகரத்துக்குள் ஓடும் கால்வாயின் கரையில் நின்று தூண்டில் போட்டு பாஸ் மீன் பிடிப்பார். பாஸ் என்பது பச்சை நிறத்தில், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோட்டுடன், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய வாயுடன் இருக்கும் மீன். அப்படிப்பட்ட வாய் எங்கள் குடும்பத்தில் பலருக்கு உண்டு என்பதால் அது எனக்கு அந்நியமாகப் படவில்லை.

பிடித்த மீனை அவர் தின்பதில்லை, விற்பதில்லை. படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அதன் வாய் அதிகம் கிழியக் கூடாது என்று தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக்கூட இடுக்கியால் நசுக்கி மழுங்கடித்து வைத்திருப்பார். இவ்வளவு பாடுபட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஒரு மனிதரை வைத்து நாலு பக்கம் சிரிக்க வைப்பது பெரிய காரியமில்லை என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "கால்வாயின் மேல் மூடுபனி ஒரு" [விட்டுவிட்டேன். மூடுபனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "மனிதர்கள் இரண்டு வகை. மீன் பிடிப்பவர்கள், மீன்" [பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.]

மூன்றாம் தொடக்கம்: "அத்தான் தன் மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்தார்." இது நின்றது. வாசகர் எதையோ எதிர்பார்த்து உள்ளே வருவார், உள்ளே மீன் இருக்கும். ஏனென்றால் அவர் மறைத்தது, தான் மீன் பிடிக்கும் இடத்தை. நல்ல இடம் கிடைத்த தூண்டில்காரர் அதைப் பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டாராம். அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க போறார்னு உனக்காவது தெரியுமா?"

"எனக்கெதுக்குடி? கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்க வேற ஒண்ணுமே இல்லாம, மீன் இருக்கற இடத்தை மறைக்கறார். போகட்டும் விடு. வீடு கொஞ்ச நேரம் அமைதியா இருக்கு."*

* வசனம் அவளுடையதுதான். நான் எதுவும் சேர்க்கவில்லை.

[இந்த இடத்தில் அக்காவைப் பற்றி ஒரு பத்தி வர வேண்டும். அவள் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, நாள் முழுக்கத் தொலைபேசியில் "பயப்படாதீங்க, வலிக்கவே வலிக்காது" என்று சொல்கிறவள். ஆனால் பாத்திரமாக அவள் எடுபடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி, கதையில் அவளுக்கு வேலையே இல்லை. வெட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.]

மேலே உள்ள அடைப்புக்குறியை எழுதிய அன்று மாலைதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த அடைப்புக்குறியை அழித்திருக்கலாம். என் மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

3

படம் எடுப்பதில் தூண்டில்காரர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. மீனின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி, கையை முழுவதும் கேமராவை நோக்கி நீட்டிவிடுவார்கள். குட்டி மீன்கூடப் பிடித்தவர் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். அத்தான் தனியாகப் போகிறவர். அதனால் கைபேசியை ஒரு சின்ன முக்காலியில் நிறுத்தி, வரிசையாக மூன்று படங்களைத் தானே எடுக்கும்படி வைத்துவிடுவார். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மீனும் தன் சிரிப்பும் மட்டும் மிஞ்சும்படி பின்னணியை வெட்டிவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பின்னால் ஒரு கம்பமோ சுவரோ தெரிந்தால் போதும், மற்ற தூண்டில்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்களாம்.

எனக்கு இடத்தை வர்ணிக்க வேண்டியிருந்தது. போன மாதம் அவர் பிடித்த பெரிய மீனின் படத்தைக் கேட்டேன்.

"அத்தான், வெட்டாத படம் வேணும். இடம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சாதான் எனக்கு எழுத வரும்."

"அது மட்டும் கேக்காதம்மா."

"இடத்தோட பேரைப் போட மாட்டேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் பாத்தா எனக்கே கரையில நிக்க இடம் இருக்காது."

"கதையில உங்க மீனை இன்னும் ஒரு சாண் பெருசாக்கறேன்."

அந்த ஒரு சாணில் விழுந்துவிட்டார். "சரி, மூணையும் அனுப்பறேன். ஆனா பின்னாடி இருக்கறதை நீ மட்டும் பாத்துக்க. வேற யாருக்கும் காட்டிடாத."

வந்தன. கணினியில் திறந்து வைத்துக்கொண்டு வர்ணனையை ஆரம்பித்தேன்:

"இரு பக்கமும் சிமெண்ட் கரை. வலது பக்கம் கிடங்குகளின் பின்சுவர். மழைத்தண்ணீர்க் குழாய் வந்து விழும் இடத்தில் நுரை. கடைத் தள்ளுவண்டி ஒன்று தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் நிழலில்தான் மீன் ஒதுங்குமாம். கொஞ்சம் தள்ளி ஒரு நடைபாலம். அதன் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே ஒரு"

4

ஒரு பெண். கம்பிக்கு வெளியே நிற்கிறாள். அங்கே பாதம் வைக்கிற அளவுக்குத்தான் சிமெண்ட் விளிம்பு இருக்கிறது. இரண்டு கைகளும் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்திருக்கின்றன. முகம் தண்ணீரின் பக்கம். கத்தரிப்பூ நிறச் சீருடை. மூக்குக் கண்ணாடி தலைக்கு மேல் ஏற்றி விடப்பட்டிருக்கிறது. கைப்பை மட்டும் கம்பிக்கு உள்பக்கம், விழுந்துவிடாதபடி ஒழுங்காக மாட்டப்பட்டிருக்கிறது.

அது என் அக்கா.

முன்னால் அத்தான் பல் தெரியச் சிரிக்கிறார். அவர் கையில் அந்த மீன் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், என் சுண்டுவிரல் நகமளவு உயரத்தில் அவள் நிற்கிறாள். முதல் படத்தில் இருக்கிறாள். இரண்டாவதிலும் இருக்கிறாள். மூன்றாவதில் மீன் துள்ளி, அதன் வால் பாலத்தை மறைத்துவிட்டது.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அன்று மதியம்தான் பேசினோம். தெரிந்தும், மூன்றாவது படத்தில் அந்த வாலுக்குப் பின்னால் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எழுதுகிற புத்தி எவ்வளவு கேவலமானது என்றால், நான் உடனே முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒரு முடிவில் அவள் தோடு விளிம்பில் விழுந்துவிட்டது, எடுக்க இறங்கினாள். இன்னொன்றில், கணவரின் ரகசிய இடத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்து எட்டிப் பார்த்தாள். இது நல்ல நகைச்சுவை, ஆசிரியர் துள்ளிக் குதிப்பார். ஆனால் எட்டிப் பார்க்கிறவள் எதற்காகப் பையைக் கழற்றி மாட்ட வேண்டும்? அக்கா பேருந்தில் உட்கார்ந்தால்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காதவள். மூன்றாவது முடிவு [எழுதவில்லை].

பிறகு குடும்பக் குழுவுக்குப் போனேன். அத்தான் வெட்டிப் போட்ட படம் அங்கே இருந்தது. கீழே சித்தப்பா "பலே" என்று போட்டிருந்தார். அதற்கடுத்து, அதே நாள் காலையில், அக்கா கைதட்டியிருந்தாள்.

5

கதையில் இதைப் போல ஒரு தற்செயலை வைத்தால், "நம்பும்படி இல்லையே" என்று எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். இருவரும் ஒரே கால்வாய்க்கு, ஒரே காலையில், ஒருவருக்கொருவர் தெரியாமல் போவதாவது! நானும் அடித்துவிடத்தான் ஆசைப்பட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலையில் இருந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கைபேசியை நீட்டினேன்.

அக்கா முதலில் மீனைத்தான் பார்த்தாள். "இது அந்தப் பெரிய மீன்தானே?" என்றாள். பிறகு துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவருக்குத் தெரியுமா?"

தோடு இல்லை, எட்டிப் பார்த்தலும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் என் முடிவுகள் எல்லாம் செத்துப்போயின. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியாது. அவர் மீனைத்தான் பாத்திருக்கார்."

"ம். அவர் அங்க இருப்பார்னு எனக்கும் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம்னு ரெண்டு பேரும் தேடியிருக்கோம் பாரு." அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "நல்ல பொருத்தம்."

"அக்கா, ஏன்க்கா?"

[இங்கே பதினோரு வரிகள் இருந்தன. அக்கா அடித்துவிட்டாள். "காரணத்தை எழுதாதடி. எழுதினா படிக்கறவங்க, 'ப்ச், இதுக்கா?'ன்னு மார்க் போட உக்காந்துடுவாங்க" என்றாள்.]

"அப்புறம் எப்படி இந்தப் பக்கம் வந்தே?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரோ சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. பாத்தா இவர். தனியா நின்னு போனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கார். அப்புறம் குனிஞ்சு அந்த மீனைத் தண்ணிக்குள்ள விட்டார். தூக்கி எறிவார்னு நெனச்சேன். இல்லடி. ரெண்டு கையையும் உள்ள விட்டு, அதை நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கார். அதுக்கு மூச்சு திரும்பணுமாம். தலையைக் குனிஞ்சு அதுகிட்ட ஏதோ பேசறார். கை நனையுது, சட்டை நனையுது, மனுஷன் நகரவே இல்ல. அது தானா வாலை அடிச்சு நீந்திப் போற வரைக்கும் அப்படியே இருந்தார்."

"அதைப் பாத்து மனசு மாறிட்டியா?"

"மனசா? எனக்குக் கோபம் வந்துச்சு. அப்படி ஒரு கோபம்! ஒரு மீனுக்கு இவ்வளவு பொறுமையா? எங்கிட்ட என்னிக்காவது, 'என்ன, ஒரு மாதிரியா இருக்கே?'ன்னு கேட்டிருப்பாரா? இதைக் கேக்காம போறதான்னு தோணுச்சு. அந்தக் கோபத்துல கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டேன். பையை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

"கேட்டியா அவரை?"

"எங்க? எப்ப ஆரம்பிச்சாலும் அவர் மீன் கதைக்குப் போயிடறார்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழ வேண்டியவள் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

6

அன்றிரவு அவளோடேயே தங்கினேன். மறுநாள் அவளுக்காக ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறவள், தனக்கென்று வந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உடன் வந்தாள். இப்போது வாரம் ஒரு முறை போகிறாள். அத்தானிடம் பல் வலி என்று சொல்லியிருக்கிறாள். அவரும் நம்பியிருக்கிறார்.

ஆசிரியரிடம் கதை இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதுவதை நிறுத்த முடியவில்லை. எழுதியதை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க முதலில் நினைத்தேன். பிறகு அச்செடுத்து அக்காவிடமே கொடுத்தேன். அவள் சம்மதிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னேன்.

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய வாய் விஷயத்தில் சிரித்தாள். "எடுபடவில்லையாமே நான்!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பாலம் வரும் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பதினோரு வரிகளை அடித்தாள். பிறகு தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"இதை அவர்கிட்ட குடுக்கறேன்."

"அக்கா!"

"என் வாயால சொல்ல வரலடி. இது மீன்லதான ஆரம்பிக்குது? படிப்பார்."

கதையின் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். அவரிடம்தான் விட்டிருக்கிறோம்.

7

இந்தப் பகுதி அவருக்குக் கொடுத்த தாள்களில் இல்லை.

வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, அத்தான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னைப் பத்தி எழுதிட்டியா? இடத்தோட பேரு இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே தாள்களை வாங்கினார். நானும் அக்காவும் சமையலறையில் நின்றோம். இடையில் ஒரு சுவர், கதவு திறந்திருந்தது.

"சம்பந்தமே இல்லாத வாயாமே! உன் தங்கச்சிக்குக் கொழுப்பு!" என்று அங்கிருந்து கத்தினார். சிரித்தார். தாள் புரளும் சத்தம். "மோப்பம் பிடிச்சு வந்துடுவாங்கன்னு சரியாப் போட்டிருக்கா." மறுபடி சிரிப்பு. தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்த ஒரு சாணுக்கு வந்திருப்பார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னும் போய் அந்தத் தாள்களைப் பிடுங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு சிரிப்பு நின்றது.

அடுத்த தாள் புரளவில்லை. நாற்காலி நகரவில்லை. அக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.