கெட்டிமேளப் பொத்தான்

"இண்டைக்குப் பிழை விட்டியோ, பழையபடி லா கூர்னெவ்விலைதான் பெட்டி அடுக்கோணும்," என்றார் யூலியன் அண்ணை.

அந்தக் கிடங்கின் இரவு வேலையைப் போன மாதம்தான் விட்டிருந்தேன். சொல்லிவிட்டு விலகவில்லை, சும்மா போகாமல் விட்டேன். திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வதாக மேற்பார்வையாளன் தகவல் அனுப்பியிருந்தான். இந்த லா ஷப்பல் பாரில் வெள்ளியும் சனியும் ஒலி பார்க்கும் வேலை கிடைத்தால் அவனுக்குப் பதில் எழுதத் தேவையில்லை. பார் முதலாளியின் நிபந்தனை ஒன்றுதான்: இன்று இசைக்காரர் யாரும் குறை சொல்லக்கூடாது.

ஒலிக் கருவிகள் யூலியன் அண்ணையுடையவை. கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுபவை. நானும் கூடப் போவேன். மேளகாரரைப் பிடிக்க வசதியில்லாத வீடுகளுக்குப் பதிவு செய்த கெட்டிமேளம்தான். தாலி கட்டும்போது ஐயர் கையைத் தூக்குவார். அந்தக் கணமே, பதிவுகளை ஒலிக்கவிடும் பலகையில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். தும்மலோ கெட்ட சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது. கை இறங்கும்வரை நிறுத்தவும் கூடாது.

அதே பொத்தான் பலகைதான் இன்றும் என் முன்னால் இருந்தது, இடைவேளைப் பாட்டுக்காக.

"இடைவேளை முடிய அந்தப் பலகையின்ரை வயரைக் கழட்டிப்போடு," என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை."

முதலில், அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிக்கும் அமெரிக்கானா குழு. பாஞ்சோ, வயலின், தாடிக்காரப் பாடகன். மண்டபப் பழக்கத்தில் அவன் குரலுக்கு எதிரொலி கூட்டிவிட்டேன். பாடகன் திரும்பிப் பார்த்தான்.

"எக்கோவைக் குறையடா! சாமத்தியச் சடங்கிலை மாமா வாழ்த்துரை வாசிக்கிறாரே?" என்றார் அண்ணை.

குறைத்தேன். சட்டை முதுகில் ஒட்டியது. அதற்குப் பிறகு வயரின் நினைவே வரவில்லை.

இடைவேளை முடிந்து, துள்ளல் தாள ஃபங்க் குழு. பேஸ் கிட்டார் வாசித்த பப்ரிஸ்தான் தலைவன். கடைசியில் இரண்டு குழுக்களும் சேர்ந்து மேடையேறின. ஒத்திகை இல்லை, எல்லோரும் பப்ரிஸின் கண்ணைப் பார்த்தே வாசித்தார்கள். இசை ஏறிக்கொண்டே போனது. மேசைக் கிளாஸ்கள் நடுங்கின. சனம் கத்தியது. பப்ரிஸ் சட்டென்று ஒரு கையை உயர்த்தினான். அத்தனை பேரும் ஒரே வெட்டில் நிறுத்தினார்கள்.

என் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது.

நாதஸ்வரமும் தவிலும் எல்லா ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் வெடித்தன.

"நிப்பாட்டடா விசரா!" என்று கத்தினார் அண்ணை.

பப்ரிஸின் கை இன்னும் மேலேயே நின்றது. பிழை என்று தெரிந்தும் விரல் அசையவில்லை. ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்துச் சனம் விசிலடித்தது. டிரம்ஸ்காரன் தவிலைத் துரத்திப் பார்த்தான், பிடிக்க முடியாமல் சிரித்தான். பப்ரிஸ் சிரிக்கவில்லை. தலைகளுக்கு மேலாக என்னையே பார்த்தான். பிறகு கையை இறக்கினான். நிறுத்தினேன். குழு ஒரே அடியில் மீண்டும் இறங்கியது.

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. முதலாளியும் தட்டினார். வேலை எனக்குத்தான் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

பப்ரிஸ் மேடையிலிருந்து நேராக என்னிடம் வந்தான்.

"அந்த அமைதிக்காகத்தான் அவ்வளவு நேரம் வாசித்தோம்," என்றான் பிரெஞ்சில். "நீ அதைத் தின்றுவிட்டாய்."

முதலாளியிடம் திரும்பினான். "இவன் இருந்தால் நான் வரமாட்டேன்."

முதலாளி தோளைக் குலுக்கினார். அவன் சொன்னது சரி.

வயர் சுற்றும்போது யூலியன் அண்ணை பக்கத்தில் குந்தினார். "நாளைக்கு லெ பிளாங்-மெனில்லை கலியாணம். அங்கை கெட்டிமேளத்துக்குப் பிந்தினியோ, பொம்பிளையின்ரை தாய் என்னைச் சாப்பிட்டிடுவா."

"பிந்தமாட்டன்."

"திங்கள்?"

வருகிறேன் என்று மேற்பார்வையாளனுக்கு எழுதி அனுப்பினேன். பிறகு பலகையின் வயரைக் கழற்றினேன்.