படம் நகர்ந்த மாலை

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்ததால் பாரதிப்ரியாவால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒரு சோதனை பாக்கி. அவளுடைய ஆசிரியர் ஆனந்தராஜ்தான் வழி கண்டுபிடித்தார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லு ஒன்று இருந்தது. அதற்குள் மயிரிழை போல வாய்க்கால். எங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக அதில் திரவம் செலுத்தலாம், கேமராவில் பார்க்கலாம். சொல்லிக் கேட்டு, வியாழக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார்.

அப்பா மருதையன் அன்று கடலுக்குப் போகவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மகளை ஆட்டோவில் கூட்டிவந்து, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அஜ்மீரின் பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்தார்.

ரோஸ் நிறக் காரமும் நிறமில்லாத அமிலமும் வாய்க்காலில் ஒட்டி ஓடின. கலக்கக் கலக்க ரோஸ் வெளிறி, ஓரிடத்தில் மறைந்தது. வேகத்தைக் கூட்டினால் அந்த இடம் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதுதான் சோதனை. கூட்டினாள். படம் அப்படியே உறைந்து நின்றது.

"ஒரே லைன்தாம்மா. எல்லா சிஸ்டமும் அதுலதான் ஓடுது. யாரை எழுந்திரிக்கச் சொல்றது?" என்று அஜ்மீர் கையைப் பிசைந்தார்.

பாரதிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சிஸ்டத்தில் துபாயிலிருக்கும் கணவரோடு வெப்கேமில் பேசிக்கொண்டிருந்த ஆஸியா பீவி ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏம் புள்ள அழுவுற?"

விஷயத்தைச் சொன்னாள். ஆஸியா பீவி திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"மச்சான், இங்க ஒரு புள்ளைக்குப் பரீட்சையாம். நான் வச்சுடுறேன். அடுத்த வாரம் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்."

பிறகு கேம் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார்: "தம்பிங்களா, செத்த நிறுத்துங்கப்பா."

ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். படம் நகர்ந்தது. ரோஸ் கோடு நீண்டு நீண்டு, வாய்க்காலின் கடைசி வளைவில் மறைந்தது. எல்லாரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

"மெட்ராஸ்ல இருக்கறதை நீயா ஓட்டுற?" என்றார் ஆஸியா பீவி.

"ஆமாக்கா. உங்களாலதான். ஆனா உங்க பேச்சு பாதியில..."

"அட போ புள்ள. அவரு எங்க போயிடப் போறாரு!"

சிரித்தபடி சொன்னாலும், இருண்டு கிடந்த தன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். அந்தப் பார்வை பாரதிப்ரியாவை விட்டுப் போகவில்லை.

சோதனை அறிக்கையின் நன்றிப் பகுதியில் ஆசிரியர் பெயருக்கு அடுத்து ஆஸியா பீவியின் பெயரை எழுதினாள். படித்துவிட்டு ஆனந்தராஜ் போன் செய்தார்.

"இவங்க எந்த டிபார்ட்மென்ட்டும்மா?"

நடந்ததைச் சொன்னாள்.

"அவங்க பேரை மேல போடும்மா. என் பேரு கீழ இருக்கட்டும்."